ஆள் இல்லாமல் பின்னால் ஓடிய கார்கள்! கியர் கம்பி மாற்றுகிறவர்களே, உஷார்!

வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டி வந்தவர் கியர் கம்பியை "பார்க்" என்ற இடத்துக்குத் தள்ளிவிட்டுக் கீழே இறங்குகிறார். கேட்டைத் திறக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

கார் கதவை "டப்" என்று சாத்துகிறார். இரண்டு அடி எடுத்து வைக்கிறார்.

கார் நகருகிறது!

முன்னால் அல்ல, பின்னால்! ஸ்டியரிங்கில் ஆள் கிடையாது. பிரேக்கை மிதிக்கக் கால் கிடையாது. பின்னால் நிற்பது குழந்தையா, கிழவியா என்று காருக்குத் தெரியுமா?

இது சினிமாக் காட்சி அல்ல. அமெரிக்காவில் 1970-களில் மீண்டும் மீண்டும் நடந்த சம்பவம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

98 பேர் சாவு!

இந்தக் கார்கள் எல்லாம் போர்டு கம்பெனியின் கார்கள். ஆட்டோமேட்டிக் கியர் வைத்தவை. அந்த நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை நடத்தியது. 1980 ஜூன் மாதம் வரை வந்து குவிந்த புகார்கள் 23 ஆயிரம். அதில் விபத்து 6 ஆயிரம். காயம் பட்டவர்கள் 1,710 பேர். செத்துப்போனவர்கள் 98 பேர். பெரும்பாலும் சின்னக் குழந்தைகளும் வயசானவர்களும்தான். ஓடித் தப்பிக்க முடியாதவர்கள்!

"டிரைவர்கள் கம்பியைச் சரியாகப் போடவில்லை. கார் மேல் தப்பு இல்லை" என்பது கம்பெனியின் கட்சி. "தப்பு காரில்தான்" என்பது புகார் கொடுத்தவர்களின் கட்சி.

கடைசியில் 1980 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. காரைத் திரும்பப் பெற்று ரிப்பேர் செய்து தரவில்லை. அதற்குப் பதில் சுமார் 2 கோடியே 30 லட்சம் கார்களின் சொந்தக்காரர்களுக்கு, காரில் ஒட்டிக்கொள்ள ஒரு எச்சரிக்கைத் தாள் தபாலில் போயிற்று! கம்பியை நன்றாகப் "பார்க்"கில் போடு, கைப்பிரேக்கைப் போடு, என்ஜினை நிறுத்து, அப்புறம் இறங்கு என்பதுதான் அதன் சாரம்.

தாள் ஒட்டிய பிறகும் சாவு நிற்கவில்லை.

குற்றவாளி யார்?

கிளட்ச் மிதித்துக் கியர் போட்டே பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் கிடையாது. ஒரே ஒரு கம்பி. அதில் "பி" என்றால் பார்க், நிறுத்தி வைக்க. "ஆர்" என்றால் ரிவர்ஸ். "என்" என்றால் நியூட்ரல். "டி" என்றால் டிரைவ், அதாவது முன்னால் போக. அதற்குக் கீழே "2", "1" என்று இழுவைக்கான கியர்கள்.

கம்பியைப் "பி"யில் போட்டால் என்ன நடக்கிறது? காருக்கு அடியில் கியர் பெட்டிக்குள்ளே ஒரு பல் சக்கரம் இருக்கிறது. அதன் பற்களுக்கு நடுவே ஒரு கொக்கி போய் விழுகிறது. கொக்கி விழுந்தால் சக்கரம் சுற்றாது, கார் நகராது.

ஒவ்வொரு எழுத்துக்கும் பெட்டிக்குள்ளே ஒரு பள்ளம் உண்டு. ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் நடுவே ஒரு மேடு. கம்பி பள்ளத்தில் உட்கார்ந்தால் கவலை இல்லை. "பி"க்கும் "ஆர்"க்கும் நடுவே உள்ள மேட்டின் மேல் நின்றுவிட்டால்தான் ஆபத்து!

கை சொல்லும், "பார்க்கில் போட்டாச்சு" என்று. கண்ணும் அப்படியே சொல்லும். ஆனால் கொக்கி விழுந்திருக்காது. என்ஜின் அதிர்ச்சியிலோ, கதவைச் சாத்தும் ஆட்டத்திலோ கம்பி மேட்டை விட்டு வழுக்கும். எந்தப் பக்கம்? "ஆர்" பக்கம்! என்ஜின்தான் ஓடுகிறதே. கார் பின்னால் கிளம்பிவிடும்.

மேலே கை பிடிக்கும் கம்பி ஒன்று சொல்ல, கீழே பெட்டி வேறு இடத்தில் நிற்க, அந்த மயிரிழை வித்தியாசத்தில் போனவை எத்தனையோ உயிர்கள்.

இப்போது எதற்கு இந்தக் கதை?

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களுக்கு இன்றைக்கு ராஜ மரியாதை. போர்டு மஸ்டாங், செவர்லே கமேரோ, பாண்டியாக் ஜி.டி.ஓ. என்று 1960-களின் கார்களைத் தேடிப் பிடித்து, தட்டிக் கொட்டி, பெயிண்ட் அடித்து ஓட்டுகிறார்கள். அதில் பலரும் முதலில் மாற்றும் சாமான்களில் ஒன்று இந்தக் கியர் கம்பி. "ஷிப்டர்" என்பார்கள்.

சிலருக்குப் பழைய கம்பி தேய்ந்து தொளதொள என்று ஆடுகிறது. சிலருக்கு ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கம்பி பிடிக்கவில்லை, தரையில் இருந்தால்தான் ஜோர். நம்ம அம்பாசிடரில் ஸ்டியரிங் ஓரத்தில் இருந்த கியர் கம்பி ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரிதான். இன்னும் சிலர் பெட்ரோல் மிச்சம் பிடிக்க மூன்று கியர் பெட்டியைக் கழற்றி நாலு கியர் பெட்டி வைக்கிறார்கள். அப்போது பழைய கம்பி சரிப்படாது.

கார் கம்பெனி கொடுக்காத, வெளிக் கம்பெனிகள் செய்து விற்கும் கம்பிகள் ரகம் ரகமாக வருகின்றன. ஹர்ஸ்ட், பி அண்ட் எம், லோக்கார் என்பவை பேர் போன பெயர்கள். பளபள குரோமியம், உருண்டைக் கைப்பிடி, துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு பிடி என்று பார்க்கவே மயக்கும்.

இந்த மயக்கத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். கைப்பிடியைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது அது அல்ல!

கீழே இருப்பது என்ன பெட்டி?

முதலில் காருக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். காரின் பெயரை மட்டும் சொல்லிக் கம்பி வாங்கினால் வம்பு. ஐம்பது, அறுபது வருஷத்துக் கார். நடுவில் எத்தனை கை மாறியதோ, எந்தப் பெட்டியை எவர் மாட்டினாரோ!

பெட்டிக்கு அடியில் எண்ணெய்த் தட்டு ஒன்று இருக்கும். அதன் போல்ட்டுகளை எண்ணினாலே பாதி துப்பு கிடைத்துவிடும். போர்டு "சி4" பெட்டி என்றால் 11 போல்ட். "சி6" என்றால் 17. செவர்லேயின் "பவர்கிளைட்" என்றால் 14. நாலு கியர் உள்ள "700ஆர்4" என்றால் 16. தட்டின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால் பெட்டி எது என்று மெக்கானிக் சொல்லிவிடுவார்.

படிக்கட்டை எண்ணு!

பெட்டி தெரிந்தால் எத்தனை படி என்று தெரியும். "பவர்கிளைட்" இரண்டே கியர் பெட்டி. பி, ஆர், என், டி, எல் என்று 5 படி. "டர்போ 350", "டர்போ 400" என்றால் 6 படி. "700ஆர்4" என்றால் 7 படி.

6 படி கம்பியை 7 படிப் பெட்டியில் மாட்டினால் என்ன ஆகும்? ஏதோ ஒரு கியர் கைக்கு எட்டாது. அதைவிட மோசம், மேலே ஒரு எழுத்து, கீழே வேறு இடம் என்று ஆகிவிடும். அந்த 98 பேர் கதையை மறுபடி படியுங்கள்.

படி எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் ஏமாறக் கூடாது. மஸ்டாங் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 முதல் 1966 வரை வந்த "சி4" பெட்டியிலும் 6 படி. 1967-க்குப் பிறகு வந்ததிலும் 6 படி. ஆனால் பழையதில் "என்" எழுத்துக்கு அடுத்து ஒரு சின்னப் புள்ளி, அதற்கு அடுத்து பச்சை நிறத்தில் பெரிய புள்ளி. சின்னப் புள்ளியில் போட்டால் கார் இரண்டாவது கியரில் கிளம்பும். பச்சைப் புள்ளியில் போட்டால்தான் மூன்று கியரும் வரிசையாக விழும். அதில் போய் "டி, 2, 1" என்று எழுதிய புதுக் கம்பியை மாட்டிவிட்டு, "கார் இழுக்கவில்லையே, பெட்டி கெட்டுப்போச்சா?" என்று தவிப்பதில் என்ன லாபம்?

பந்தயக்காரர்கள் சிலர் பெட்டியின் உள் அமைப்பையே மாற்றி, நியூட்ரலுக்கு அடுத்து முதல் கியர் வரும்படி செய்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்கு அதற்கென்றே செய்த கம்பிதான் வேண்டும்.

மூன்று ரகம்

வெளிக் கம்பெனிக் கம்பிகளைப் பொதுவாக மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

ஒன்று, "கேட்" ரகம். தகட்டில் படிப்படியாக வெட்டிய பாதை. கம்பி அந்தப் பாதையில்தான் போகும். ஒரு படி தாண்ட வேண்டும் என்றால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். தெரியாமல் கை பட்டாலும் ரிவர்சுக்குப் போகாது.

இரண்டு, "ராச்செட்" ரகம். ஒரு தட்டு தட்டினால் ஒரே ஒரு கியர்தான் மாறும். அவசரத்தில் இரண்டு படி தாண்டிப் போக முடியாது. பந்தயக்காரர்களுக்குப் பிடித்தது இது.

மூன்று, பெட்டியின் மேலேயே நட்டு வைக்கும் நீளக் கம்பி. தரையில் ஓட்டை போட்டு மேலே வரும். லோக்கார் கம்பெனி இந்த ரகத்தில் பேர் வாங்கியது. நீளமான கேபிள் இல்லை, இழுபறி குறைவு. ஆனால் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கம்பி வரும். சீட் இடிக்கிறதா என்று அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஹர்ஸ்ட் கம்பெனியின் "டூயல் கேட்" கம்பி 1967 ஜி.டி.ஓ. காரில் வந்தது. ஒரே கம்பிக்கு இரண்டு பாதை. ஒன்றில் சாதாரணமாக ஓட்டலாம், மற்றதில் ஒவ்வொரு கியராகத் தட்டி ஓட்டலாம். "அவருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று" என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் காலத்துக் குறும்பு!

அந்தக் கம்பெனியை நடத்திய ஜார்ஜ் ஹர்ஸ்ட் பற்றி இன்னொரு சேதி. நசுங்கிய காரைப் பிளந்து, உள்ளே சிக்கிய ஆளை வெளியே எடுக்கும் இயந்திரக் கத்தரி இருக்கிறதே, தீயணைப்புப் படையினர் வைத்திருப்பது, அதை உருவாக்கியவரும் அவர்தான். வேகமாகக் கியர் மாற்றக் கம்பி செய்தவரே, மோதியவர்களை மீட்கவும் கருவி செய்தார்!

ரிவர்சுக்குப் பூட்டு உண்டா?

கடையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். விசையை அழுத்தினாலோ, கைப்பிடியைத் தூக்கினாலோ தவிர "ஆர்" பக்கம் கம்பி போகக் கூடாது. அமெரிக்காவில் கார் பந்தயம் நடத்தும் "என்.எச்.ஆர்.ஏ." அமைப்பு, ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு இந்தப் பூட்டைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. பந்தயக்காரனுக்கே கட்டாயம் என்றால், பிள்ளை குட்டியோடு போகிறவனுக்கு?

அடுத்தது ஸ்டார்ட் சுவிட்ச். கம்பி "பி"யிலோ "என்"னிலோ இருந்தால்தான் என்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும். கியரில் இருக்கும்போது சாவி திருப்பினால் கார் பாயும்! புதுக் கம்பி மாட்டும்போது பழைய சுவிட்சு பொருந்தாமல் போனால், சிலர் என்ன செய்கிறார்கள்? இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றி விடுகிறார்கள். "ஸ்டார்ட் ஆகுதுல்ல, போதும்" என்கிறார்கள். இது வேலை அல்ல, வினை!

இந்தச் சுவிட்சும், எழுத்துகளின் வரிசையும் சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் கம்பெனிக்கு ஒரு வரிசை. ஆரம்ப காலப் "பவர்கிளைட்"டில் பி, என், டி, எல், ஆர் என்று ரிவர்ஸ் கடைசியில் இருந்தது. முன்னால் போகும் "எல்" கியருக்குப் பக்கத்திலேயே ரிவர்ஸ்! கிறைஸ்லர் கம்பெனி 1956 முதல் 1964 வரை கம்பியே இல்லாமல் பொத்தான் வைத்தது. ஒரு காரில் பழகியவர் இன்னொரு காரில் ஏறினால் கை தடுமாறியது. ரால்ப் நாடர் 1965-ல் கார் கம்பெனிகளைக் கிழித்து எழுதிய புத்தகத்தில் இந்த வரிசைக் கோளாறும் ஒரு குற்றச்சாட்டு. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சட்டம் வந்தது. முன்னால் போகும் கியருக்கும் ரிவர்சுக்கும் நடுவே நியூட்ரல் இருக்க வேண்டும். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகக் கூடாது.

சட்டம் போட்டு வாங்கியதை ஒரு முழ டேப்பில் தொலைக்கலாமா?

கேபிளைக் கவனி!

கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புத் தண்டோ, கேபிளோ ஓடும். தண்டு உறுதி. ஆனால் மூட்டுக்களில் உள்ள ரப்பர் தேய்ந்தால் ஆட்டம் கண்டுவிடும். கம்பியை மாற்றிவிட்டுத் தேய்ந்த ரப்பரை அப்படியே விட்டால் காசு தண்டம்.

கேபிளை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம். அதுதான் வசதி, அதுதான் ஆபத்தும். சுள்ளென்று மடக்கினால் உள்ளே இறுகும். சைலன்சர் குழாய் பக்கத்தில் போனால் சூட்டில் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கம்பி ஒரு இடம், பெட்டி ஒரு இடம்! கேபிளைப் பிடித்திருக்கும் தகடு வளைந்து கொடுத்தாலும் இதே கதிதான்.

பெட்டியும் கம்பியும் இரண்டுமே "பி"யில் இருக்கும்போது கேபிளின் முனையைச் சரிசெய்ய வேண்டும். முனையில் உள்ள ஊசி, பெட்டிக் கையின் ஓட்டைக்குள் இழுக்காமல் தள்ளாமல் தானாக நுழைய வேண்டும். பலவந்தமாக நுழைத்தால் அளவு தப்பு என்று அர்த்தம்.

சாவியிலும் வம்பு!

ஸ்டியரிங் கம்பியைத் தரைக்கு மாற்றுகிறவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் 1969 மாடல் முதல் சாவித் துவாரம் ஸ்டியரிங் தண்டுக்கு வந்தது. கம்பி "பார்க்"கில் இருந்தால்தான் சாவியைத் திருப்பி ஸ்டியரிங்கைப் பூட்ட முடியும். பழைய கம்பியை அறுத்துவிட்டு, உள்ளே உள்ள குழாயை "பார்க்"கிலேயே நிரந்தரமாக நிறுத்திவிட்டால்? ஓடுகிற காரிலேயே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ள வழி பிறந்துவிடும்! இதை எப்படிச் சரிசெய்வது என்று மெக்கானிக்கிடம் கேட்காமல் கம்பியில் கை வைக்கக் கூடாது.

மாட்டிய பிறகு பரீட்சை

பூட்டி முடித்ததும் ரோட்டுக்கு ஓடாதீர்கள். நாலு பரீட்சை வையுங்கள்.

1. காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் சாவியைத் திருப்புங்கள். "பி", "என்" இரண்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

2. ஒவ்வொரு எழுத்திலும் கம்பியை விட்டுவிட்டு, பெட்டியில் உள்ள கை பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கீழே ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது என்ஜின் ஓடக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும்.

3. ரிவர்ஸ் போட்டால் பின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

4. என்ஜினை நிறுத்தி, "பி"யில் போட்டு, காரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கொக்கி விழுந்திருந்தால் கார் லேசாக ஆடி நிற்கும். உருண்டால் வேலை முடியவில்லை!

புதுக் காரும் தப்பவில்லை

"அதெல்லாம் பழைய கார் சமாசாரம்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சேதி. 2016 ஏப்ரலில் பியட் கிறைஸ்லர் கம்பெனி உலகம் பூராவும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம்? கியர் கம்பி! எந்தக் கியர் போட்டாலும் கம்பி திரும்பி வந்து நடுவிலேயே நிற்கும். "பார்க்"கில் விழுந்ததா, இல்லையா என்று கைக்குத் தெரியாது.

அதே வருஷம் ஜூன் மாதம் ஹாலிவுட் நடிகர் ஆண்டன் யெல்ச்சின் லாஸ் ஏஞ்சல்சில் தன் வீட்டுச் சரிவுப் பாதையில் மாண்டு கிடந்தார். அவருடைய ஜீப் வண்டியே உருண்டு வந்து அவரை நசுக்கியிருந்தது. திரும்ப அழைக்கப்பட்ட ரகங்களில் அதுவும் ஒன்று. அவருக்கு வயது 27.

1970-ல் என்றாலும் 2016-ல் என்றாலும் பாடம் ஒன்றுதான். கம்பி எங்கே நிற்கிறது என்பதை எழுத்து மட்டும் சொன்னால் போதாது, கைக்கும் தெரிய வேண்டும். ஒவ்வொரு படியிலும் "டக்" என்று பள்ளத்தில் விழும் கம்பிதான் நல்ல கம்பி. குரோமியம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

நம்ம ஊர்த் தெருக்களிலும் இன்றைக்கு ஆட்டோமேட்டிக் கார்கள் பெருகிவிட்டன. கடை வாசலில் என்ஜினை ஓடவிட்டு "இதோ வந்துட்டேன்" என்று இறங்கும் அண்ணன்மார்களே! "பார்க்"கில் போடுங்கள். கைப்பிரேக்கைப் போடுங்கள். என்ஜினை நிறுத்துங்கள். சாவியோடு இறங்குங்கள்.

பத்து விநாடி வேலை. காருக்குப் பின்னால் நிற்பது யார் வீட்டுப் பிள்ளையோ!